சுண்டுவிரல் நுனியளவு இரும்பு

சிங்கர் தையல் மெஷினின் பாபின் கேஸைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தால் முதலில் தெரிவது அதன் பளபளப்பு. கொஞ்ச நேரம் பார்த்தால்தான் பக்கவாட்டில் வளைந்து ஒட்டியிருக்கும் மெல்லிய எஃகுத் தகடு கண்ணுக்குப் பிடிபடும். நகத்தின் கனம்கூட அதற்கு இருக்காது. அதன் அடியில்தான் கீழ்நூல் நுழைந்து வெளியே வருகிறது. இரண்டு திருகுகள் அதைப் பிடித்திருக்கின்றன. சின்னது, தகடு கழன்று போகாமல் காக்க. சற்றுப் பெரியது, நூலின் மீதான அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க. பெரிய திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினாலே தையலின் முகம் மாறிவிடும். அளவு சரிதானா என்று பார்க்க மலேசியாவின் பேராக் ரப்பர்த் தோட்டத்துப் பெண்களுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. பாபினை உள்ளே போட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுவார்கள். கேஸ் தன் எடையால் கீழே இறங்கக் கூடாது. மணிக்கட்டை லேசாக உதறினால் கிணற்றுவாளி போல விரற்கடை தூரம் இறங்கி, அங்கேயே நிற்க வேண்டும். எந்தக் கருவியும் வேண்டாத அளவை அது.

கேஸின் தலையில் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விரல் மெஷினுக்குள் ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். கேஸைச் சுற்றியிருக்கும் ஹூக் அரைச் சுற்றுப் போய்த் திரும்பும்போது கேஸும் கூடவே சுற்றிவிடாமல் தடுப்பது இந்த விரல்தான். ஆனால் பள்ளத்தில் அது இறுகி உட்காரக் கூடாது. மேல்நூல் அந்த இடுக்கைக் கடந்து போயாக வேண்டும். ஊசி கீழே இறங்கி, மேலே ஏறத் தொடங்கும் கணத்தில் நூல் ஒரு சின்ன வளையமாகப் புடைக்கிறது. ஹூக்கின் கூர்முனை அதைக் கவ்வி, பாபின் கேஸ் முழுவதையும் சுற்றி இழுத்துவருகிறது. அதாவது கேஸை நாலாபுறமும் நூல் சுற்றி வருகிறது. அப்படியானால் கேஸ் எதனோடும் கெட்டியாகப் பிணைக்கப்பட்டிருக்க முடியாது. பிடிபட்டும் இருக்க வேண்டும், விடுபட்டும் இருக்க வேண்டும். ஹூக்கைத் தள்ளும் கைக்கும் ஹூக்குக்கும் நடுவேகூட ஒரு நூல் போகும் அளவு இடம் விட்டிருக்கிறார்கள். மெஷினை மிதிக்கும்போது அடியிலிருந்து வரும் ‘டக் டக்’ அந்த இடைவெளியின் சத்தம். அதைப் பழுதென்று நினைத்து இறுக்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். இறுக்கினால் சத்தம் நிற்கும், தையலும் நிற்கும்.

பழைய மெஷினுக்குச் சாமான் தேடுகிறவர் கடைசியில் தேடுவது இந்த இடைவெளியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரும்புத் துண்டு எங்கும் கிடைக்கும். அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது, எவ்வளவு இடத்தை விட்டுவைக்கிறது என்பதில்தான் பழையதுக்கும் புதியதுக்கும் வேறுபாடு.

பேராக் தோட்டங்களில் தையல் மெஷின் இருந்த வீட்டுக்குத் தனி மரியாதை. சுங்கை சிப்புட் பக்கம் கமுனிங், எல்பில், டவன்பி, இன்னும் எத்தனையோ கித்தாத் தோட்டங்கள். லயத்து வீட்டின் முன்னறையில் சாமி படத்துக்கு அடுத்தபடியாக, பூப்போட்ட துணி போர்த்தி, வெளிச்சம் விழும் ஜன்னலோரம் அது நிற்கும். காலையில் மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவைக்கு ஊற்றிவிட்டு வந்து, மத்தியானத்துக்குமேல் உட்கார்ந்து தைப்பார்கள். பால் படிந்து விறைத்த வேலைச் சட்டையின் கிழிசலுக்கு ஒட்டுப்போட 18ஆம் நம்பர் ஊசி. பெண்பிள்ளையின் தீபாவளிப் பாவாடைக்கு 11. இரண்டுக்கும் நடுவில் ஊசியை மாற்றாமல் தைக்கிறவரை அக்கம்பக்கத்தில் யாரும் தையல்காரி என்று ஒத்துக்கொள்வதில்லை.

அந்த மெஷின்களின் வலப்புறப் பலகையில் எண் பொறித்திருக்கும். எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து. முதல் எழுத்து ‘இ’ என்றால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் 1930களின் நடுவிலிருந்து 1960களின் தொடக்கம்வரை செய்தது. ‘இஜி’, ‘இஎச்’ என்றால் 1950களின் ஆரம்பம், கொரியப் போரால் கித்தா விலை எகிறிய காலம். தவணை முறையில் மெஷின் விற்பதை சிங்கர் 1850களிலேயே தொடங்கிவிட்டது. மொத்தமாகக் கொடுக்க முடியாத வீட்டுக்கும் மெஷின் வந்து சேர்ந்தது அதனால்தான். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, நூறு வெள்ளிப் பங்கைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றபோது தோட்டத்துக் குடும்பங்கள் அதை உடனே புரிந்துகொண்டதில் எனக்கு வியப்பில்லை. சிறுகச் சிறுகக் கட்டி ஒரு பெரிய பொருளைச் சொந்தமாக்கும் பழக்கம் பல வீடுகளில் ஏற்கெனவே இருந்தது.

கிளைட்பேங்க் ஆலை 1885இல் திறந்தது. 1913இல் அந்த ஒரே ஆண்டில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்கள் அங்கிருந்து வெளியேறின. 1980இல் மூடினார்கள். ஊரில் இன்றைக்கு ‘சிங்கர்’ என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் மட்டும் இருக்கிறது. இங்கே தோட்டங்களும் அதே போக்கில் போயின. துண்டாடல், பிறகு செம்பனை, பிறகு வீடமைப்புத் திட்டம். லயத்தைக் காலி செய்து பட்டணத்து அடுக்குமாடிக்கு லாரி ஏற்றியபோது மெஷினின் தலையைச் சாக்கில் சுற்றித் தனியாகவும் இரும்புக் காலைத் தனியாகவும் ஏற்றினார்கள். சின்னச் சாமான்கள் தொலைந்தது பெரும்பாலும் அந்தப் பயணத்தில். பாபின் கேஸ், ஊசித்தட்டை மூடும் சறுக்குத்தகடு, நூல் கம்பம். மெஷினின் சிற்றிழுப்பறையில் இருந்திருக்க வேண்டிய மடிப்புத் தைக்கும் காலடிகள், சுருக்கு வைக்கும் கருவி, அந்த அளவே உள்ள ஒரு திருப்புளி.

இவற்றைத் தேடி ஈப்போவுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடும் ‘மெமரி லேன்’ பழம்பொருள் சந்தையில் பழைய நாணயம், பித்தளைக் குத்துவிளக்கு, சீனக் கிண்ணம், நின்றுபோன கைக்கடிகாரம் என்று பரப்பியிருப்பார்கள். அவற்றுக்கு ஓரத்தில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறதென்று விற்கிறவருக்கே முழுக்கத் தெரியாது. சைக்கிள் வால்வும் கதவுக் கொக்கியும் கலந்த அந்தக் குவியலில் கைவிட்டுத் துழாவ வேண்டும். தையல் மெஷின் சாமான் கையில் பட்டதும் தெரிந்துவிடும். விளிம்புகள் அவ்வளவு வழுவழுப்பாக இருக்கும். நூல் தொடக்கூடிய எந்த விளிம்பையும் அவர்கள் கூராக விட்டதில்லை. கீழே திருப்பிப் பார்த்தால் ஒரு எண்ணும், அதன் பக்கத்தில் ‘சிமான்கோ’ என்ற பொறிப்பும் இருக்கும். சிங்கர் மேனுஃபேக்சரிங் கம்பெனி என்ற நீண்ட பெயரைச் சுருக்கிக் கட்டிய சொல் அது. கண்ணாடி போட்டால்தான் படிக்க முடிகிற எழுத்து. ஒரு மெஷினில் எத்தனை துண்டு உண்டோ அத்தனைக்கும் தனித்தனி எண் வைத்தார்கள். தொலைந்த துண்டைத் தேடி ஒருவன் பின்னாளில் வருவான் என்று எதிர்பார்த்துப் பொறித்த எண்கள் அவை.

பேராக்கில் நமக்குக் கிடைத்த நல்லூழ், இந்த வீட்டு மெஷின்களில் கணிசமானவை 15ஆம் வகையைச் சேர்ந்தவை. அந்த வகையின் அமைப்பு 19ஆம் நூற்றாண்டிலேயே உருவாகிவிட்டது. போருக்குப் பின் ஜப்பானிய நிறுவனங்கள் பல கூடி, எல்லோரும் ஒரே அளவில் செய்வோம் என்று தேர்ந்துகொண்டது இதைத்தான். ஒருவர் வார்ப்பு, இன்னொருவர் ஹூக், வேறொருவர் டென்ஷன் என்று பகிர்ந்து செய்தாலும் துண்டுகள் பொருந்தும். ஷாங்காயின் ‘பட்டர்ஃபிளை’யும் கல்கத்தாவின் ‘உஷா’வும் இதே குடும்பம். அதனால் கிளைட்பேங்கில் பிறந்த மெஷினுக்கு, லூதியானாவில் வார்த்த பாபின் கேஸ் போட்டு, சீனாவின் பாபினைச் செருகி, ஜப்பானிய ஊசியால் தைக்க முடிகிறது. மூல ஆலை மறைந்து நாற்பது ஆண்டுக்குமேல் ஆகியும் மெஷின் ஓடுகிறதென்றால், நகலெடுத்தவர்கள் அளவை மதித்து நகலெடுத்ததும் ஒரு காரணம்.

ஆனாலும் பொறுமையாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 15ஆம் வகை பாபினின் இரு முகங்களும் தட்டை. 66ஆம் வகையில் லேசாகப் புடைத்திருக்கும். மேசைமேல் வைத்து விரலால் ஓரத்தை அழுத்தினால் ஆடுவது 66. கேஸிலும் இப்படி ஒன்று உண்டு. சிலவற்றின் விரல் கடிகாரத்தின் பதினொன்றைக் காட்டும், சிலவற்றின் விரல் ஒன்றைக் காட்டும். மற்ற எல்லாம் ஒரே அச்சு. மாற்றி வாங்கினால் பள்ளத்தில் விரல் உட்காராது. பதினொன்றும் ஒன்றும் சரியாக அமைந்த பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது: பருத்தி நூல் ஒன்றை எடுத்து விரலின் விளிம்பிலும் தகட்டின் அடியிலும் மெதுவாக இழுக்க வேண்டும். எங்கேயாவது ஒரு இழை பிடித்து நின்றால் அங்கே பிசிறு இருக்கிறது. கண்ணால் பார்த்துத் தெரியாததை நூல் காட்டிக்கொடுத்துவிடும்.

திருகுகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிங்கர் தனக்கென்று மரை அளவுகளை வகுத்துக்கொண்டது. அடிக்கடி எதிர்ப்படும் ஒன்று, 9/64 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 40 மரை. நம் அளவில் விட்டம் 3.57 மில்லிமீட்டர், ஒரு மரையிலிருந்து அடுத்த மரைக்கு 0.635. சாமான் கடையில் வாங்கும் மூன்றரை மில்லிமீட்டர் திருகில் இந்த இடைவெளி 0.6. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். செருகித் திருப்பினால் முதல் இரண்டு சுற்று இனிமையாக உள்ளே போகும். சுற்றுக்கு 0.035 மில்லிமீட்டர் வீதம் பிணக்கு சேர்ந்து, மூன்றாவது நான்காவது சுற்றில் இறுகும். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் போய்விடும் என்று கை சொல்லும். கொடுத்தால் எழுபது ஆண்டு பிழைத்திருந்த மரை அன்றோடு அழிந்தது. பழைய திருகின் தலையையும் பாருங்கள். பள்ளம் ஒடுக்கமாக, ஆழமாக, சுவர் செங்குத்தாக இருக்கும். திருப்புளி நழுவாமல் இருக்க அப்படி அறுத்தார்கள். தலையின் ஓரத்தை லேசாக உருட்டி மெருகேற்றியது மட்டும் கண்ணுக்காக. தைக்கிறவர் உட்கார்ந்தால் அந்தத் தலை அவர் பார்வைக்கு நேரே வருகிறதல்லவா?

டென்ஷன் அமைப்பைக் கழற்றி வரிசையாக வைப்பது ஒரு தனி இன்பம். குவிந்த முதுகுகள் ஒன்றையொன்று தொட நிற்கும் இரண்டு வட்டத் தகடுகள். தேன்கூட்டு வடிவில் மேலே குறுகும் ஸ்பிரிங். 0 முதல் 9 வரை எண்ணிட்ட வளையம். இவற்றின் நடுவே போகும் தண்டுக்குள் ஒரு சின்னக் கம்பித்துண்டு. துணியை அழுத்தும் காலடியைத் தூக்கினால் அந்தக் கம்பி முன்னே தள்ளப்பட்டு, தகடுகள் விலகி, நூல் தளரும். துணியை எடுக்கும்போது ஊசி வளையாமல் இருப்பது அதன் தயவு. கழற்றியவர் கவனிக்காமல் தண்டைச் சாய்த்தால் அது நழுவித் தரையில் விழும். விழுந்த சத்தம்கூடக் கேட்காது. பழைய மெஷின்களில் டென்ஷன் எல்லாம் சரியாக இருந்தும் துணியை இழுத்தால் நூல் வராமல் பிடிக்கிறதென்றால், பெரும்பாலும் யாரோ எப்போதோ அந்தக் கம்பியைத் தொலைத்திருக்கிறார்கள்.

இதே அமைப்பில் தகடுகளை ஒட்டி வளைந்து நிற்கும் மெல்லிய கம்பி ஸ்பிரிங் ஒன்று உண்டு. ஒவ்வொரு தையலுக்கும் அது ஒருமுறை குனிந்து நிமிரும். அதன் வேலையை எனக்கு விளக்கியவர் சுங்கை சிப்புட்டில் மெஷின் பார்க்கும் பெரியவர் ஒருவர்.

“அண்ணே, இதுக்குப் புதுசு போட்டுடலாமா?” என்று கேட்டேன்.

“ஸ்பிரிங்கு நல்லாதான் இருக்கு தம்பி. அது எங்க நிக்குதுன்னு பாரு. ஊசிக் கண்ணு துணிகிட்ட வர்ற வரைக்கும் அது நூலைப் பிடிச்சிருக்கணும். அதுக்கு முன்னாடியே விட்டுடுச்சுன்னா நூல் தொங்கும், ஊசியே அதைக் குத்தும்.”

சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக் காட்டினார். ஊசி இறங்குகிறது, நூல் தளர்கிறது, அந்தத் தளர்ச்சியை ஸ்பிரிங் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்கிறது, ஊசிக்கண் துணிக்குச் சமமாக வந்ததும் அது தன் இடத்தில் போய் அமர்கிறது. பிறகு நூலை முழுக்க ஹூக்குக்கு விட்டுக்கொடுக்கிறது. தண்டை இம்மியளவு திருப்பி, மறுபடி சுற்றிப் பார்த்தார். புதிய ஸ்பிரிங் வாங்க வேண்டியிருக்கவில்லை. தேடுவதற்கு முன்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். நான் பார்த்த நல்ல கைகள் எல்லாம் அப்படித்தான் தொடங்குகின்றன.

இனி, ஒரு கறுப்பு வளையம். மெஷினின் வலப்பக்கம் பாபினில் நூல் சுற்றும் பகுதி இருக்கிறது. அதன் சின்னச் சக்கரத்தைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். அதைப் பெரிய சக்கரத்தின்மேல் சாய்த்தால், உரசலில் சுழன்று பாபினில் நூல் நிறையும். அத்தனை இரும்புக்கு நடுவே ரப்பர் அது ஒன்றுதான். கோலக்கங்சாரில் 1877இல் நட்ட முதல் கன்றுகளிலிருந்து தொடங்கிப் பேராக் முழுக்கக் கித்தா பரவியது. பாலை அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் நசுக்கித் தகடாக்கி, புகையில் உலர்த்திக் கப்பலேற்றினார்கள். பாலெடுத்தவரின் வீட்டுக்கு அந்தப் பொருள் கடல் கடந்து திரும்பி வந்த உருவங்களில் இந்த விரலளவு வளையமும் ஒன்று. மெஷினில் முதலில் சாவதும் இதுதான்.

அது சாகும் விதத்தைக் கவனிக்க வேண்டும். காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் நீண்ட சங்கிலிகளை அறுக்கின்றன. கெட்டிப்படுத்தச் சேர்த்த கந்தகம் வெப்பத்தில் இன்னும் இறுக்குகிறது. மேலே நுண்ணிய வெடிப்புகள் ஓடும், பிறகு கல்லாகும். கல்லானதைப் பெரிய சக்கரத்தில் சாய்த்தால் உரசாமல் வழுக்கும். இன்னொரு சாவும் உண்டு: மெஷினுக்கு விடும் எண்ணெய் சொட்டி, ரப்பர் அதைக் குடித்து ஊதி, பிசுபிசுவென்று ஒட்டுப்பால் போல ஆகிவிடும். இயற்கை ரப்பருக்குத் தாது எண்ணெய் ஆகாது. அதனால்தான் எண்ணெய் விடத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்துத் துளைக்கு ஒரு சொட்டு விட்டு, வழிந்ததை உடனே துணியால் ஒற்றி எடுப்பார்கள். மேல்நாடுகளில் பழைய ஹூவர் தூசு உறிஞ்சிகளைப் பாதுகாக்கிறவர்களும் முதலில் தேடுவது தூரிகை உருளையைச் சுழற்றும் ரப்பர் வாரைத்தான். மோட்டாரும் உடலும் தேறிவிடும், ரப்பர் தேறாது. தோட்டத்துரை பங்களாவின் தூசு உறிஞ்சிக்கும் லயத்துத் தையல் மெஷினுக்கும் வந்த நோய் ஒன்றே.

மருந்து எளிது. தண்ணீர்க்குழாய் சாமான் கடையில் ஓ-ரிங் கேட்டால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். எண்ணெய்க்கு அசையாத செயற்கை ரப்பர். பழைய வளையத்தைக் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்க வேண்டும். பழையதன் மேற்பரப்பு தட்டை, ஓ-ரிங்கின் வயிறு உருண்டை. பெரிய சக்கரத்தைத் தொடும் இடம் குறையும். சாய்க்கும் திருகைத் தளர்த்தி ஒரு மயிரிழை கூட்டி வைத்தால் நூல் சீராக ஏறும். பாபினில் நூல் ஒரு பக்கம் குவியாமல், மேலிருந்து கீழ்வரை மட்டமாக நிறைந்துவருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மிதிப்பலகையிலிருந்து மேலே போகும் தோல் வாரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அது நீளும், தளரும். ஒரு பக்கத்துக் கொக்கியைக் கழற்றி, அரை அங்குலம் நறுக்கி, மறுபடி துளையிட்டுக் கோத்தால் சரி. தோலைவிட ஞெகிழி வார் நெடுநாள் உழைக்கும். ஆனால் தோல் சக்கரத்தைப் பிடிக்கும் பிடியும் மிதிக்கும்போது அதன் ஓசையும் வேறு. நான் தோல் பக்கம்.

மனம் பொறுக்காத ஒன்று உண்டு. பழைய மெஷின்களின் இரும்புக் கால்கள், அந்தக் கொடிவேலையும் நடுவில் பெயர் பொறித்த மிதிப்பலகையுமாக, இப்போது மேலே கண்ணாடியோ பலகையோ வைத்துக் காப்பிக்கடை மேசைகளாக நிற்கின்றன. ஈப்போ பழைய பட்டணத்தில் அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்தால் கால் தன்னால் மிதிக்கப் போகும். மிதிக்கத்தான் செய்கிறது, சக்கரமும் சுழலும், மேலே ஒன்றும் நடக்காது. கால் போன பின் தலைகள் எடைக்குப் போகின்றன. சாமான் தேடுகிறவருக்கு அந்தப் பழைய இரும்புக் கடைகளும் ஒரு கிடங்கு. தங்கச் சித்திரம் தேய்ந்து, துருவேறிய தலையைப் புரட்டினால் அடியில் ஹூக்கும் பற்களும் எண்ணெய்ப் பிசின் படிந்து அப்படியே இருக்கும். பிசின் கெட்டியாகிக் காத்து நின்றதால் உள்ளே துரு நுழையவில்லை. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்தால் போதும், கழன்றுவிடும்.

கடைசியாக ஒரு சாமான், 15ஆம் வகைக்கு வெளியே. 27, 28, 127, 128 என்ற எண்களில் வந்த பழைய மெஷின்களுக்கு வட்டப் பாபின் கிடையாது. நீண்டு மெலிந்த பாபின், அதை விழுங்கியிருக்கும் கூர்நுனி எஃகு ஷட்டில். அது ஊசிக்கு அடியில் வில்லாக முன்னும் பின்னும் வீசி, தன் கூர்முனையால் நூல் வளையத்துக்குள் நுழைந்து முழு உடலோடு மறுபுறம் வெளியேறும். ஒவ்வொரு தையலுக்கும் அந்த நுனியும் வயிறும் நூலில் உராய்கின்றன. புதிதாகச் செய்து விற்கும் ஷட்டில்கள் அளவில் பொருந்துகின்றன. நுனி மட்டும் கரடாக இருக்கும். மிக நுண்ணிய உப்புத்தாளில் தேய்த்து, பிறகு பருத்தித் துணியில் மெருகுப் பசை தொட்டு, நுனியிலிருந்து வால்வரை ஒரே திசையில் தேய்த்தால் ஒருவழியாக நூலைச் சிக்கவைக்காமல் போகும். பழைய ஷட்டில் உங்கள் கையில் கிடைத்தால் அதைத் தேய்க்காதீர்கள். எண்ணெயில் துடைத்து அப்படியே போடுங்கள். எத்தனையோ வீட்டு நூல் ஓடியோடி ஏற்றிய மெருகு அதில் இருக்கிறது. எந்தப் பசையும் அந்த அளவுக்குக் கொண்டுவராது.